உறவாடியின் ஏழாம் விதி

சராசரித் தமிழ்க் குடும்பத்தின் தொலைபேசிப் பேச்சில் மொத்தம் ஆறே ஆறு கேள்விகள்தான் இருக்கின்றன. சாப்பிட்டாயா, என்ன குழம்பு, அங்கே மழை உண்டா, உடம்பு எப்படி இருக்கிறது, ஊருக்கு எப்போது வருகிறாய், சரி வைக்கட்டுமா. இதைக் கண்டுபிடித்தவன் நான். நிறுவனம் இதற்காக எனக்கு ஒரு கண்ணாடிக் கோப்பை பரிசளித்தது. அதில் இப்போது மை தீர்ந்த பேனாக்களைப் போட்டு வைத்திருக்கிறேன்.

மிச்சப் பேச்சு முழுவதும் ‘ம்’. அதில் பதினான்கு வகை உண்டு என்று எங்கள் குழு பிரித்தது. ஒப்புக்கொள்ளும் ம், ஒப்புக்கொள்ளாத ம், அழுகிறவருக்குத் துணைபோகும் ம், காது கேட்கிறது, மனசு கேட்கவில்லை என்னும் ஒன்பதாம் வகை ம். ஒன்பதாம் வகைக்கு மாதிரி தேடி நாங்கள் அலையவே இல்லை. என்னுடைய பழைய அழைப்புகளைப் போட்டுக் காட்டினேன், போதுமானதாக இருந்தது.

நாங்கள் செய்த பொருளின் பெயர் உறவாடி. ஒரு வாரம் உங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, அதன் பிறகு உங்கள் குரலில் அதுவே பேசும். நீங்கள் சொல்லும் ஆட்களை, சொல்லும் நேரத்தில் கூப்பிட்டு நலம் விசாரிக்கும். அவர்கள் கூப்பிட்டாலும் எடுக்கும். பேசி முடித்ததும் உங்களுக்கு ஒரு வரிச் சுருக்கம் அனுப்பும்: ‘அம்மா நலம். வத்தக்குழம்பு. மழை இல்லை.’ மறுமுனையில் இருப்பவரிடம் இது இயந்திரம் என்று பயனாளர் தெரிவித்துவிட வேண்டும் என்று நிபந்தனைகளின் நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை அதைத் தட்டச்சு செய்தவரும் படித்திருக்க மாட்டார்.

ஒரே வருடத்தில் தமிழ்நாட்டில் பாசம் பெருக்கெடுத்து ஓடியது. மாதத்துக்கு ஒருமுறை பேசிய பிள்ளைகள் தினமும் பேசினார்கள். மாமியாரிடம் மருமகள்கள் தேன் ஒழுகப் பேசினார்கள். என் மனைவி தன் அம்மாவுக்கு ஒன்று, என் அம்மா இருந்திருந்தால் அவருக்கு ஒன்று என்று இரண்டு கணக்குக்குத் தயாராக இருந்தாள். நான் அந்த நிறுவனத்தில் தமிழ்ப் பிரிவுத் தலைவன். பெயர் பால்பாண்டி, அலுவலகத்தில் வெறும் பால். புதிதாகச் சேருகிறவர்கள் என்னைக் கிறிஸ்தவன் என்று நினைத்து டிசம்பர் மாதம் கேக் எதிர்பார்ப்பார்கள். அதற்கு முன்பு நான் கவிஞன். ஒரு தொகுப்பு போட்டேன். பிரதிகள் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. அதை முழுவதுமாக உட்கொண்டவை கரையான்கள் மட்டுமே.

எனக்கு ஒரே ஓர் அக்கா. சுப்புத்தாய். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாத்தூரில் இ-சேவை மையம் வைத்திருக்கிறாள். பட்டா, சாதிச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை எதுவானாலும் ஊர்க்காரர்கள் அவளிடம்தான் வருவார்கள். தீப்பெட்டி ஒட்டித் தேய்ந்துபோன விரல்களில் ரேகை விழாது. அக்கா அந்த விரல்களை ஈரத்துணியால் துடைத்து, ஊதி, மறுபடி மறுபடி கருவியில் அழுத்தவைத்து, “அவசரப்படாதீங்க பெரியம்மா, மெஷினு உங்கள ஞாபகப்படுத்திப் பாக்குது” என்பாள்.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் அவளுடன் பேசுவேன். ஒரு கையில் போன், மறுகையில் மடிக்கணினி, வாயில் ஒன்பதாம் வகை. இரண்டு வருடங்களுக்கு முன்பு அவளையும் உறவாடியிடம் ஒப்படைத்தேன். முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். என் குரலில் அது கடையைப் பற்றிக் கேட்டது, முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டது. அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். எனக்குக் கொஞ்சம் பொறாமை வந்தது, பிறகு நிம்மதி வந்தது. நிம்மதி நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

இனி ஏழாம் விதி.

உறவாடி அனுப்பும் சுருக்கங்கள் இரண்டு வகை. நீங்கள் ஏதாவது செய்தாக வேண்டும் என்றால் சிவப்பில் வரும், போன் அதிரும். செய்ய ஒன்றும் இல்லை என்றால் சாம்பல் நிறத்தில் சத்தமில்லாமல் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். எது சிவப்பு, எது சாம்பல் என்று முடிவுசெய்யும் விதிகளைத் தமிழுக்கு எழுதியவன் நான். தொடக்கத்தில் ஒரு சிக்கல் வந்தது. நம் ஆட்கள் எதைக் கேட்டாலும் முதலில் வேண்டாம் என்பார்கள். சோறு வேண்டுமா என்றால் வேண்டாம், காப்பி வேண்டுமா என்றால் வேண்டாம். மூன்றாம் தடவை வற்புறுத்தினால்தான் தட்டு நகரும். இதைத் தெரிந்த திமிரில், வேண்டாம் என்றாலும் வேண்டும் என்றே எடுத்துக்கொள்ளும்படி எழுதி வைத்தேன். தீபாவளிக்குச் சேலையெல்லாம் வேண்டாம் என்ற ஓர் அம்மாவுக்கு ஒரே வாரத்தில் ஏழு சேலை போய்ச் சேர்ந்தது. ஆஸ்பத்திரியெல்லாம் வேண்டாம்ப்பா, சளிதான் என்ற ஒரு பெரியவரின் வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. எல்லார் போனும் நாளெல்லாம் சிவப்பாக அதிர்ந்தது. பாசத்திலிருந்து தப்பிக்க எங்களிடம் வந்தவர்கள் அல்லவா, கொதித்துவிட்டார்கள்.

அப்போதுதான் ஏழாம் விதியை எழுதினேன். வேண்டாம் என்றால் வேண்டாம். கூட்டத்தில் எழுந்து நின்று, தமிழர்களும் வயதுக்கு வந்தவர்கள்தான், அவர்கள் சொல்வதை நம்பும் கண்ணியம் நமக்கு வேண்டும் என்று பேசினேன். கைதட்டினார்கள். புகார்கள் ஒரே மாதத்தில் நின்றுபோயின. எனக்கும் ஒரு பெருமை: இரண்டு வருடத்தில் அக்காவிடமிருந்து ஒரு சிவப்புகூட வந்ததில்லை. எங்கக்கா தொந்தரவே கிடையாது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை வாசல் காவலர் சேவியர் என் மேசைக்கு வந்தார். எங்கள் கட்டிடத்தில் உறவாடி எடுக்காத போன் ஒன்றே ஒன்றுதான், அது அவருடைய மேசையில் இருக்கும் பழைய கம்பி போன். சாத்தூரிலிருந்து ஒரு பொம்பளை, நேரில் ஆளைக் கூப்பிட்டால்தான் பேசுவேன் என்கிறார் என்றார்.

பேசியது மெகருன்னிசா. அக்காவின் கடையில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறவள். என் நம்பருக்கு மூன்று தடவை பேசியதாகச் சொன்னாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

“நல்லாத்தான் பேசுறீங்கண்ணே. அக்காவுக்கு முடியல, அவங்க சொல்ல வேண்டாம்னாங்க, நீங்க அலைய வேண்டாம், சும்மா காதுல போட்டு வைக்கேன்னு சொன்னேன். சரிம்மா, சொன்னதுக்கு நன்றின்னீங்க. மூணு தடவையும் அதையே சொன்னீங்க. அதான், ஆபீஸ்ல உங்கள உக்காத்தி வச்சுக் கேட்டா வேற மாதிரி பேசுவீங்களோன்னு.”

அக்கா மதுரையில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றாள். என்னவென்று கேட்டேன்.

“உங்களுக்குத் தெரியும்னு அக்கா சொன்னாங்களே,” என்றாள்.

மறுநாள் காலை மதுரைக்குப் போகும் ரயிலில் ஏறி உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சாம்பல் குவியலைத் திறந்தேன். எழுநூற்றுச் சொச்சம் அழைப்புகள், சுருக்கத்தைத் தொட்டால் முழுப் பேச்சும் எழுத்தில் விரியும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘படிக்கவில்லை’ என்று இருந்தது. தாம்பரத்தில் தொடங்கினேன். விழுப்புரம் தாண்டும்போது அது கிடைத்தது. ஐந்து மாதம் முந்தையது.

‘நெஞ்சுப் பக்கம் ஒரு கட்டி மாதிரி இருக்குடா. டாக்டரு எடுத்துரலாம்ங்கிறாரு. ஒண்ணுமில்ல, நீ அலைய வேண்டாம்.’

‘சரிக்கா. உடம்பப் பாத்துக்கோ.’ இது நான்.

அடுத்த வாரம்: ‘கூட இருக்க சொந்தத்துல ஒரு ஆளு வேணுங்காங்க. மெகரு இருக்கேங்கா. உனக்கு லீவு கிடைக்காது, நீ வர வேண்டாம்.’

‘சரிக்கா. மெகர கேட்டேன்னு சொல்லு.’

பிறகு ஒரு மாதம் கழித்து: ‘தேதிய நானேதான் தள்ளி வச்சிருக்கேன். உன் வேலையெல்லாம் ஒழியட்டும். அவசரமில்ல.’

‘நல்லதுக்கா.’

ஒவ்வொரு சுருக்கத்தின் ஓரத்திலும் ஏழாம் விதிப்படி என்று குறிப்பு இருந்தது. விதி பிசகவே இல்லை. நான் எழுதிய வரிகளிலேயே கடைசி எழுத்துவரை ஒழுங்காக வாசிக்கப்பட்டவை அவைதான்.

திருச்சிக்கு அப்பால் இன்னொன்று கிடைத்தது. போன சித்திரையில் ஒரு மாலை, ஐம்பத்திரண்டு நிமிடம். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்த ஒருவரைப் பற்றி அக்கா சொல்லியிருந்தாள். பெண் கேட்டு வந்தாராம். நான் அப்போது பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தேன். இவனை யார் பார்ப்பது என்று நினைத்து இவள் வேண்டாம் என்றிருக்கிறாள். ‘இன்னொரு தடவை கேப்பாருன்னு இருந்தேன்டா. அவரும் சரின்னுட்டுப் போயிட்டாரு.’ அதற்குப் பிறகு நான்கு நிமிடம் இருவரும் பேசவில்லை. நடுவில் என் குரலில் ஒரே ஒரு ‘ம்’. துணைபோகும் வகை. அதைச் செதுக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. கடைசியில் அக்கா சொல்லியிருந்தாள்: ‘உன்கிட்டச் சொன்னதுல மனசு லேசாயிருச்சுடா பாண்டி.’

எதிர் இருக்கைக்காரர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, என்ன சார் கண்ணு கலங்கியிருக்கு என்றார். வெங்காயம் என்றேன். அவரிடம் வெங்காயம் இல்லை. தயிர்சாதம்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மெகருன்னிசா நின்றிருந்தாள். டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். அன்றைக்கே எடுத்திருந்தால் கட்டியோடு போயிருக்கும். இப்போது அக்குளுக்குப் பரவி, முதுகெலும்பிலும் தெரிகிறது. நாளை ஓர் அறுவை இருக்கிறது, ஆனால் அது வலி குறைய மட்டும். தான் கூட வருவதாக எத்தனையோ தடவை கெஞ்சியும் அக்கா அசையவில்லை என்றாள்.

“தம்பி வருவான், தம்பிகிட்டச் சொல்லியிருக்கேன்னே சொல்லிட்டு இருந்தாங்கண்ணே. நானும் நம்பிட்டேன்.”

உள்ளே போவதற்கு முன்பு கதவருகில் நின்று யோசித்தேன். எனக்கு எதுவுமே தெரியாது, பேசியது இயந்திரம் என்று சொல்லிவிடலாம். நான் தப்பித்துவிடுவேன். ஆனால் இரண்டு வருடப் பேச்சு அவளுக்கு இல்லாமல் போய்விடும். அந்த ஐம்பத்திரண்டு நிமிடமும், நான்கு நிமிட மௌனமும் போய்விடும். ஆயுளில் ஒருமுறை மனசைத் திறந்தாள். அதுவும் ஒரு சில்லுப் பலகையிடம் என்று இந்த நிலையில் அவளிடம் எப்படிச் சொல்வது? கேட்டும் வராத தம்பியாக இருந்துவிடுவது மேல். கெட்ட பெயர் எனக்குப் பழக்கமானதுதான், கவிதை எழுதியவன். வாழ்க்கையில் நான் எடுத்த ஒரே நல்ல முடிவு இது என்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு என்மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது.

அக்கா இளைத்துப்போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் தலையணையில் நிமிர்ந்து உட்காரப் பார்த்தாள்.

“வந்துட்டியா. தொப்பை போட்டிருக்கடா. போன்ல தெரியல.”

சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். ரயில் கூட்டமா என்றாள். கொஞ்சம் என்றேன். என்ன குழம்பு, சென்னையில் மழை உண்டா, உடம்பு எப்படி இருக்கிறது என்று ஆறில் நான்கு கேள்விகளை முடித்துவிட்டோம். பிறகு அவள் மெகருன்னிசாவை வெந்நீர் வாங்கி வரச் சொல்லி அனுப்பினாள். என் கையைப் பிடித்தாள். விரல் ரேகை பார்க்கிறவளைப் போல என் உள்ளங்கையைத் திருப்பி வைத்துக்கொண்டாள்.

“ஒண்ணு கேக்கேன், நெசத்தச் சொல்லு பாண்டி. நான் போன்ல சொன்னதெல்லாம் உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்க்கா,” என்றேன். “எல்லாம் கேட்டேன். வேலை, வேலைன்னு இருந்துட்டேன். வரல. தப்பு என்னுதுதான்.”

அவள் கை அப்படியே இருந்தது. முகத்தில் மட்டும் ஏதோ ஒன்று இறங்கியது.

“எல்லாம் தெரியுமா?”

“தெரியும்க்கா.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அது மெஷினுன்னு எனக்கு மூணாம் நாளே தெரியும்டா. நான் பேசி முடிக்கிற வரைக்கும் நீ என்னைக்குக் கேட்டிருக்க? பொழுதன்னைக்கும் மெஷினுகிட்ட மாரடிக்கிறவ நான். எனக்குத் தெரியாதா?”

அப்புறம் ஏன் அதனிடம் அவ்வளவும் சொன்னாய் என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

“அந்த ஆளு விஷயத்தையெல்லாம் மனுசங்ககிட்டயா சொல்ல முடியும்? அதுகிட்டச் சொன்னேன், நல்லாக் கேட்டுச்சு. ஆனா இந்தக் கட்டி விஷயத்த உனக்குத்தான் சொன்னேன். அது உன்கிட்ட சேர்த்துரும்னுதான் சொன்னேன். நம்ம கடையில மனு போடுற மாதிரி. போட்டாச்சு, மேல போகும்னு இருந்தேன். ஒரு மாசமாச்சு, ரெண்டு மாசமாச்சு. சரி, மேல போகல போல, அவன் கண்ணுல படவே இல்ல போலன்னு நினைச்சுக்கிட்டேன். தெரிஞ்சா என் தம்பி ஓடி வந்துருவான், அவனுக்குத் தெரியலன்னு. அப்படி நினைச்சாத்தான்டா எனக்குச் சோறு எறங்குச்சு.”

நான் அவசர அவசரமாகப் பேசினேன். இல்லைக்கா, பொய் சொன்னேன், உன் மனசு நோகக் கூடாது என்றுதான் தெரியும் என்றேன், எனக்கு எதுவுமே தெரியாது, நேற்றுத்தான் தெரியும் என்றேன். ஏழாம் விதியைச் சொன்னேன். சிவப்பு, சாம்பல் எல்லாம் சொன்னேன். ஆறு வயசுப் பிள்ளை உடைத்த தட்டுக்குக் காரணம் சொல்வதைப் போல இருந்தது. கடைசியில் போனையே எடுத்து அவள் முன் நீட்டினேன். பாருக்கா, எதையுமே நான் திறக்கவில்லை என்றேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். ஆயிரம் பேருடைய விண்ணப்பத்தின் நிலையைத் திரையில் பார்த்துச் சொல்லிப் பழகிய கண். எங்கே பார்க்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். நானும் எட்டிப் பார்த்தேன். தாம்பரத்திலிருந்து மதுரைவரை நான் திறந்து திறந்து அழுத எல்லாவற்றின் பக்கத்திலும் ‘படித்தாகிவிட்டது’ என்று இருந்தது. எப்போது படித்தது என்று காட்டும் வசதியை, பயனாளர்களுக்குச் சங்கடம் தரும் என்று நாங்கள்தான் எடுத்துவிட்டோம்.

“ரயில்ல வரும்போதுதான்க்கா படிச்சேன்,” என்றேன்.

“ம்,” என்றாள்.

பதினான்கு வகையில் அது எதிலும் இல்லை.

போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தாள். கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவள் கோபப்படவில்லை. வெயிலில் வந்தவனுக்கு மோர் கொடுக்கச் சொல்லலாம், இங்கே கிடைக்காது என்று வருத்தப்பட்டாள். என் மனைவி நலமா என்று கேட்டாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் அப்படித்தான் கேட்பாள்.

மெகருன்னிசா வெந்நீரோடு வரும்போது கூடவே ஒரு நர்ஸும் வந்தார். கையில் ஒரு படிவம் இருந்தது. நாளைக்கு ஆபரேஷன், சம்மதக் கையெழுத்து வேண்டும், கூட இருக்கிற சொந்தக்காரர் யார் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் எழுந்து பேனாவைத் தேடிச் சட்டைப்பையில் கையை விட்டேன்.

“மெகரு போடுவா சிஸ்டர்,” என்றாள் அக்கா. “தங்கச்சின்னு எழுதிக்கங்க.”

நர்ஸ் என்னை ஒரு தடவை பார்த்தார்.

“இவரு?”

“சென்னையில இருந்து பாக்க வந்திருக்காப்ல.”

மெகருன்னிசா சொம்பைக் கீழே வைத்துவிட்டு, ஈரக்கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். அவள் எழுதி முடிக்கும்வரை நர்ஸ் காத்திருந்தார். பிறகு, பார்க்க வந்தவர்களுக்கு ஆறு மணிவரைதான் அனுமதி என்று என்னிடம் தணிவாகச் சொல்லிவிட்டு, கட்டிலின் ஓரத்தில் இருந்த ஒரே நாற்காலியை மெகருன்னிசா பக்கம் இழுத்துப் போட்டார்.